இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகளிற் கணனிக் கல்வியும் நிகழ்நிலைப் பாதுகாப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பாடம் பாடசாலையின் நேரசூசியில் இடம்பெறுவதற்கு அறிவுத்துறையொன்றின் வளர்ச்சி மட்டும் காரணமாவதில்லை. எந்தச் சமூகத் தேவையின் பேரில், எந்த அரசாங்கத் திணைக்களத்தின் செலவில், யாருடைய வற்புறுத்தலால் அது அங்கு வந்து சேர்ந்தது என்பனவும் அதன் உள்ளடக்கத்தை நிர்ணயிக்கின்றன. எண்ணும் எழுத்தும் கட்டாயக் கல்வியாக்கப்பட்ட வரலாற்றைக் கைத்தொழில் முதலாளித்துவத்தின் வளர்ச்சியிலிருந்து பிரித்து நோக்க இயலாது என்பதை நாம் அறிவோம். ஆரம்பப் பாடசாலையினுட் கணனி புகுந்த வரலாற்றையும் அவ்வாறே நோக்குதல் வேண்டும். அது பற்றிய எழுத்துக்களிற் பெரும்பாலானவை எந்த ஆண்டில் எந்தக் கருவி வந்தது என்று கூறுவதோடு நின்றுவிடுகின்றன.

2014 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த தேசிய கலைத்திட்டம், ஐந்து வயதிற் பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கு அல்கொரிதம் என்றால் யாது என்பதைக் கற்பிக்க வேண்டுமென விதித்தது. எளிய செய்நிரல்களை ஆக்குதல், அவற்றிலுள்ள வழுக்களைக் களைதல் ஆகியனவும் ஏழு வயதுக்குள் முடிக்கப்பட வேண்டியனவாகக் கூறப்பட்டன. அதே பாடத்திட்டத்தில், அதே வயதுப் பிள்ளைக்கு வேறொரு விதியும் உண்டு: தன்னைப் பற்றிய விபரங்களை மறைவாக வைத்திருக்க வேண்டும், இணையத்தில் மனத்தை உறுத்தும் எதையேனும் கண்டால் யாரிடம் உதவி நாடுவது என அறிந்திருக்க வேண்டும். ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அச்சிடப்பட்ட இவ்விரு விதிகளும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வாயில்களாற் பாடசாலைக்குள் வந்தவை. முதலாவது விதி பிள்ளையைப் பொறிக்குக் கட்டளையிடும் ஒருவராகக் காண்கின்றது. இரண்டாவது விதி அதே பிள்ளையைப் பொறியிடமிருந்து காக்கப்பட வேண்டியவராகக் காண்கின்றது. வகுப்பறையில் இவ்விரு பார்வைகளும் ஏன் ஒன்றாகவில்லை என்பதே ஈண்டு நாம் ஆராய முற்படும் பொருளாகும். இங்கிலாந்து என நாம் குறிப்பிடுவது இங்கிலாந்தை மட்டுமே. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியன தத்தமக்கெனத் தனியான கலைத்திட்டங்களை உடையன.

கணனியைச் சிறுவர் கல்வியிற் பயன்படுத்தும் முயற்சி ஐக்கிய அமெரிக்காவிலே தொடங்கியது. தொடக்கத்திலிருந்தே அது இருவேறு திசைகளிற் சென்றது. நடத்தைவாத உளவியலாளரான பி. எவ். ஸ்கின்னர் 1950களில் அமைத்த கற்பித்தற் பொறி பாடத்தைச் சிறு சிறு வினாக்களாக நறுக்கி, சரியான விடைக்கு உடனடியாக ஊக்கம் அளித்தது. 1960களின் நடுப்பகுதியில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றிக் சப்பிஸ் கணனியின் வழியே ஆரம்பப் பாடசாலை மாணவருக்கு எண்கணிதப் பயிற்சி அளித்தார். பொறி வினவும், பிள்ளை விடையளிக்கும், பொறி சரி பிழை கூறும். இதற்கு எதிர்த்திசையில், 1967இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் லோகோ என்னும் செய்நிரல் மொழி தோன்றியது. வொலி பொயர்சைக், சிந்தியா சொலமன், சீமோர் பேப்பேட் ஆகியோர் அதனை ஆக்கியோருள் முதன்மையானவர்கள். பேப்பேட் தென்னாபிரிக்காவிற் பிறந்தவர். அங்கு நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தில் ஈடுபட்டவர். பின்னர் ஜெனீவாவில் ஜீன் பியாஜேயுடன் 1958 முதல் 1963 வரை பணியாற்றியவர். பிள்ளை தன் அறிவைத் தானே கட்டியெழுப்புகின்றது என்னும் பியாஜேயின் கருத்தே லோகோவின் அத்திவாரமாக அமைந்தது.

லோகோவின் செயல்முறையைச் சிறிது விரித்துக் கூறுதல் அவசியமாகின்றது. தரையில் ஊரும் சிறு பொறியொன்று, பிற்காலத்திலே திரையில் நகரும் சிறு குறியொன்று, 'ஆமை' எனப்பட்டது. 'முன்னே 100, வலம் 90' என்னும் கட்டளைகளை நான்கு முறை கொடுத்தால் ஆமை ஒரு சதுரத்தை வரையும். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று படித்த பிள்ளை, ஒவ்வொரு திருப்பத்துக்கும் 60 எனக் கட்டளையிட்டால் முக்கோணம் வராது. ஆமை அறுகோணமொன்றின் பாதையிற் சென்றுவிடும். பிள்ளை எழுந்து, தானே ஆமையாகித் தரையில் நடந்து பார்க்கின்றது. திரும்ப வேண்டியது 120 பாகை என்பது அப்போது அதன் உடலுக்கே புலனாகின்றது. இங்கே தவறு புள்ளிக் குறைப்புக்கு உரியதாகக் கொள்ளப்படுவதில்லை. தேடிக் கண்டு திருத்தப்பட வேண்டிய வழுவாகவே அது கொள்ளப்படுகின்றது. கணனி பிள்ளையைச் செய்நிரற்படுத்தும் நிலைமையைப் பிள்ளை கணனியைச் செய்நிரற்படுத்தும் நிலைமையாக மாற்ற வேண்டும் என்பதே 1980இல் வெளிவந்த 'மைன்ட்ஸ்ரோம்ஸ்' என்னும் நூலிற் பேப்பேட் முன்வைத்த வாதமாகும். ஆமைக்கு ஒரு முன்னோர் இங்கிலாந்தில் இருந்தமையையும் இடையிற் கூறிச் செல்லலாம். 1940களின் இறுதியிற் பிரிஸ்ரல் நகரில் நரம்பியலாளரான கிரே வால்ரர் ஒளியை நாடி ஊரும் இரு பொறிகளைச் செய்து அவற்றை ஆமைகள் என அழைத்தார். லோகோவின் ஆமை அப்பெயரையே பெற்றது.

லோகோ பிறந்த 1967 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஆரம்பக் கல்வி பற்றிய பிளவ்டன் அறிக்கை வெளியாயிற்று. பிள்ளையை நடுவணாகக் கொண்ட கல்வி என்னும் கருத்துக்கு அது அரசாங்கத்தின் ஒப்புதலைப் பெற்றுக் கொடுத்தது. லோகோவும் பிளவ்டனும் இயல்பாக இணைந்திருக்கக் கூடியவை. ஆனால் அவை சந்திப்பதற்கு முன்னரே காலம் மாறிவிட்டது. 1976 ஒக்டோபரிற் பிரதமர் ஜேம்ஸ் கலகன் ஒக்ஸ்போர்ட் ரஸ்கின் கல்லூரியில் ஆற்றிய உரை, பாடசாலைகள் கைத்தொழிலின் தேவைகளுக்குப் போதிய அளவு பதிலளிக்கின்றனவா என்ற வினாவை எழுப்பியது. தொழிற்கட்சிப் பிரதமர் ஒருவரே இதனைக் கேட்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1978இற் பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய விவரணச் சித்திரம் ஒன்று, நுண்சில்லுகளால் எத்தனை தொழில்கள் மறையப் போகின்றன என்ற அச்சத்தை நாடெங்கும் பரப்பிற்று. 1982 சனவரியில் வேலையற்றோரின் எண்ணிக்கை முப்பது இலட்சத்தைத் தாண்டியது.

கணனி பாடசாலைக்குள் வந்தது இந்தச் சூழலிலேதான். பாடசாலைகளுக்குப் பாதி விலையிற் கணனி வழங்கும் திட்டத்தை 1981இல் தொடக்கியது கைத்தொழில் திணைக்களமேயன்றிக் கல்வித் திணைக்களமன்று. அத்திணைக்களத்தில் தகவற்றொழினுட்பத்துக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த கென்னத் பேக்கர், பின்னர் கல்வி அமைச்சராகி 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர். முதலில் இரண்டாம் நிலைப் பாடசாலைகளுக்கென வகுக்கப்பட்ட இத்திட்டம் 1982 ஒக்டோபர் முதல் ஆரம்பப் பாடசாலைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. உள்நாட்டு உற்பத்தியாளரின் கணனிகளே பாடசாலைகளுக்கு வழங்கப்பட்டன. எனவே இத்திட்டத்தைக் கல்வித் திட்டம் என்பதோடு தேசியக் கைத்தொழிலுக்கான மறைமுக மானியம் என்றும் கூறலாம். அக்கணனிகளிற் பிரசித்தி பெற்றது கேம்பிரிட்ஜ் நகரின் அக்கோண் நிறுவனம் செய்த பி.பி.சி. மைக்ரோவாகும். 1982 சனவரியிற் பி.பி.சி. தொடக்கிய கணனி அறிவுத் தொலைக்காட்சித் தொடருக்குத் துணையாக அது வடிவமைக்கப்பட்டது.

ஆயினும் பொருளாதார நோக்கம் வகுப்பறையில் நிகழ்ந்தவற்றை முற்றாகத் தீர்மானித்துவிடவில்லை. பி.பி.சி. மைக்ரோவை இயக்கியதும் திரையிலே தோன்றியது, கட்டளையை எதிர்நோக்கும் ஒரு குறியே. எதையும் செய்ய வேண்டுமாயின் எதையேனும் எழுதித்தான் ஆக வேண்டும். தள்ளுவண்டியில் ஏற்றி வகுப்புக்கு வகுப்பு உருட்டிச் செல்லப்பட்ட அந்த ஒற்றைக் கணனியைச் சுற்றிப் பிள்ளைகள் குழுவாக இருந்து விவாதித்துக் கற்றனர். வறுமையால் வந்த இவ்வேற்பாடே கூட்டுக் கற்றலுக்கு வாய்ப்பாகியது. 1983இல் வெளிவந்த 'கிரானிஸ் கார்டன்' என்னும் கதை விளையாட்டை இங்கிலாந்தின் ஒரு தலைமுறை இன்றும் நினைவுகூர்கின்றது. ரிச்சர்ட் நொஸ், சீலியா ஹொய்ல்ஸ் முதலிய கணிதக் கல்வியாளர்கள் லோகோவை வகுப்பறைகளில் நுணுகி ஆராய்ந்தனர். அக்காலத்தில் இப்பொறி வேறெந்தப் பொறியோடும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. பிள்ளைக்கும் உலகத்துக்கும் இடையே அது ஒரு சாளரமாக இன்னும் ஆகவில்லை. ஆதலாற் பாதுகாப்பு என்ற வினாவும் எழவில்லை.

1988ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட கலைத்திட்டத்திற் தகவற்றொழினுட்பம் 1990இல் தொழினுட்பப் பாடத்தின் ஒரு கூறாக இடம்பெற்றது. 1995இல் தனிப் பாடமாயிற்று. 2000 ஆம் ஆண்டிலிருந்து தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எனப் பெயர் மாறியது. பெயர் வளர வளரப் பொருள் சுருங்கியது எனச் சொல்லத் தோன்றுகின்றது. ஆமையும் லோகோவும் ஒரேயடியாக மறைந்தன என்பது சரியன்று. 1998இல் ஆசிரியருக்கு வழங்கப்பட்ட பாட அலகுகளில் அவற்றுக்கு இடமிருந்தது. ஆனால் நடைமுறையில் ஆவணம் தட்டச்சிடலும் அட்டவணை தயாரித்தலும் காட்சிப்படுத்தலுக்கான பக்கங்களை அலங்கரித்தலுமே பாடத்தை நிரப்பின. இதற்கு ஆசிரியரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. அலுவலகத்துக்கென ஆக்கப்பட்ட மென்பொருள்களே பாடசாலைக்கும் வந்தன. பொறியை இயக்கியதும் கட்டளைக்கான வெற்றிடம் தோன்றுவதற்குப் பதிலாக, முன்னரே ஒழுங்குசெய்யப்பட்ட படவுருக்கள் தோன்றின. 1980களின் பிள்ளை, வேலையின்மைக்கு எதிரான எதிர்கால உற்பத்தியாளராகக் கருதப்பட்டது. 1990களில் அப்பிள்ளையே மென்பொருளைப் பாவிப்பவராக மாற்றப்பட்டது.

பாதுகாப்பு என்னும் இரண்டாவது வாயில் திறந்தது இக்காலப் பகுதியிலேயே. 1997இற் பதவிக்கு வந்த தொழிற்கட்சி அரசாங்கம் 2002க்குள் எல்லாப் பாடசாலைகளையும் இணையத்தோடு இணைக்கும் குறிக்கோளை அறிவித்தது. ஆசிரியர் பயிற்சிக்கெனத் தேசிய லொத்தர் நிதியிலிருந்து 23 கோடி பவுண் ஒதுக்கப்பட்டது. இணையத்தோடு கூடவே வடிகட்டிகளும் வந்தன. இதனை வழிநடத்தியோர் கணனி ஆசிரியரோ கல்வியியலாளரோ அல்லர். பொலிசாரும் சிறுவர் பாதுகாப்பு அமைப்புக்களும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுமே முன்னின்றனர். சிறுவர் துஷ்பிரயோகப் படங்களை இணையத்திலிருந்து நீக்குவதற்கான அமைப்பு 1996இலும், சிறுவர் சுரண்டலுக்கு எதிரான தேசியப் பொலிஸ் நிலையம் 2006இலும் நிறுவப்பட்டன. இவ்வமைப்புக்களின் பணியின் அவசியத்தை நாம் மறுக்கவில்லை. அவை எதிர்கொண்ட கொடுமை உண்மையானது. ஆயின் பொலிஸ் நிலையம் தயாரித்த பாடத்தில் ஆபத்து என்பது ஓர் ஆளின் உருவத்திலேயே வரும். முகமறியா அந்நியன் ஒருவன், அல்லது கொடுமை செய்யும் சக மாணவன், அப்பாடத்திற் காட்டப்படுவான். 2009 டிசெம்பரில் அறிவிக்கப்பட்ட சிறுவருக்கான சுலோகம், வாயை மூடு, தடைசெய், முறையிடு என்னும் பொருள்பட்ட மூன்று ஏவல்களைக் கொண்டிருந்தது. வீதியைக் கடப்பதற்கான பழைய விதிகளின் சாயலிலேயே அது அமைந்தது. வீதியை வடிவமைத்தவர் யார் என்ற கேள்வி அங்கு எழ இடமில்லை.

இக்காலத்து ஆவணங்களுள் மிகச் சிறந்தது உளவியலாளர் டான்யா பைறன் 2008 மார்ச்சில் அரசாங்கத்துக்குச் சமர்ப்பித்த அறிக்கையாகும். பொது நீச்சற் தடாகத்தை அவர் உவமையாக எடுத்துக்கொண்டார். தடாகத்துக்கு வாயிற்கதவும் எச்சரிக்கைப் பலகையும் உயிர்காப்பாளரும் ஆழங்குறைந்த பகுதியும் தேவை. அதனோடு பிள்ளைக்கு நீந்தவும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் வாதம். கல்விப் பரிசோதனை அமைப்பான ஒவ்ஸ்ரெட் 2010இல் 35 பாடசாலைகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை இக்கருத்துக்கு வலுவூட்டிற்று. எல்லாவற்றையும் பூட்டிவைத்த பாடசாலைகளிலும் பார்க்க, படிப்படியாகத் திறந்துவிட்டு மாணவரையே பொறுப்பேற்கப் பழக்கிய பாடசாலைகளில் மாணவர் கூடிய பாதுகாப்புணர்வு உடையவராயிருந்தனர். சோனியா லிவிங்ஸ்டன் தலைமையில் 2010இல் 25 ஐரோப்பிய நாடுகளில் 9 முதல் 16 வயது வரையிலான 25,142 சிறுவரிடம் நடத்தப்பட்ட ஆய்வும் இதே திசையைச் சுட்டியது. இணையத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தும் பிள்ளைக்குத் திறனும் வாய்ப்பும் ஆபத்தும் ஒருங்கே கூடுகின்றன. ஆபத்தைக் குறைக்க முற்படும் தடைகள் வாய்ப்பையும் குறைக்கின்றன. பைறனின் உவமையில் ஒரு குறை உண்டு. பொது நீச்சற் தடாகம் நகரசபைக்கு உரியது. பிள்ளை எவ்வளவு நேரம் நீரில் இருக்கின்றது என்பதைக் கொண்டு நகரசபை வருவாய் ஈட்டுவதில்லை.

ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைக்கு மீண்டும் மீண்டும் சொல்லிக் கொடுக்கப்படும் '13 வயது' என்னும் எல்லையை எடுத்துக்கொள்வோம். 13 வயதுக்கு முன் சமூக ஊடகங்களிற் சேரக் கூடாது என்பதைப் பிள்ளைகள் ஏதோ மருத்துவ உண்மைபோல அறிந்து வைத்திருக்கின்றனர். உண்மையில் இவ்வெல்லை 1998இல் ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டமொன்றிலிருந்து வந்தது. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் விபரங்களைத் திரட்டுவதற்கு நிறுவனம் பெற்றோரின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்பதே அச்சட்டத்தின் சாரம். சம்மதம் பெறும் செலவைத் தவிர்க்க விரும்பிய நிறுவனங்கள், 13 வயதுக்குக் குறைந்தோர் இங்கு வரக் கூடாது எனத் தம் நிபந்தனைகளில் எழுதிக்கொண்டன. நிறுவனம் திரட்டும் விபரங்களைக் கட்டுப்படுத்தப் பிறந்த விதி, பிள்ளை கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கவிதியாக வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தது.

2011இல் முதலாவது வாயில் மீண்டும் திறந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் எடின்பரோவிலே தொலைக்காட்சித் துறையினருக்கு உரையாற்றிய கூகிள் நிறுவனத்தின் நிறைவேற்றுத் தலைவர் எரிக் ஷ்மிட், பிரித்தானியப் பாடசாலைகளில் மென்பொருளைப் பயன்படுத்தக் கற்பிக்கின்றனர், அது எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதைக் கற்பிப்பதில்லை எனக் கண்டித்தார். 2012 சனவரியிற் கல்வி அமைச்சர் மைக்கல் கோவ் பழைய பாடத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். சில நாட்களுள் றோயல் சொசைட்டியின் அறிக்கை வெளியாகி, பல பாடசாலைகளிற் கணனிக் கல்வி திருப்தியற்ற நிலையில் உள்ளதென முடிவு கூறியது. அதன் ஆய்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கிய ஸ்டீவ் பேர்பர், முப்பது ஆண்டுகளுக்கு முன் பி.பி.சி. மைக்ரோவை வடிவமைத்தோருள் ஒருவர் என்பது இவ்வரலாற்றின் சுவையான முரண்களுள் ஒன்று. இம்மாற்றத்தை ஷ்மிட்டின் பெயரோடு மட்டும் இணைத்துப் பேசுவது பொருந்தாது. 2008 முதலே ஆசிரியரும் பல்கலைக்கழகத்தவரும் பொறியியலாளரும் சேர்ந்து அமைத்த 'கம்பியூட்டிங் அற் ஸ்கூல்' என்னும் தன்னார்வக் குழு இதற்கென உழைத்து வந்தது. ஆயின் ஆசிரியர் குழுவின் குரலிலும் பார்க்க நிறுவனத் தலைவரின் குரலே பத்திரிகைகளில் உரத்து ஒலித்தது.

எந்தச் சூழலில் இப்பாடம் அறிமுகமாயிற்று என்பதைக் கவனித்தல் வேண்டும். பாடசாலைகளுக்குக் கணனித்துறை ஆலோசனை வழங்கிய அரசாங்க நிறுவனமான பெக்ரா 2011 மார்ச்சில் மூடப்பட்டது. சிக்கன நடவடிக்கைகளால் உள்ளூராட்சி மன்றங்களின் கல்வி ஆலோசகர் சேவைகள் தேய்ந்தன. இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலையில் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடங்களையும் கற்பிப்பவர். அவருள் மிகப் பெரும்பாலானோர் தம் வாழ்நாளில் ஒரு செய்நிரலையும் எழுதியிராதவர். இந்த இடைவெளியை நிரப்ப நிறுவனங்கள் முன்வந்தன. ஆரம்பப் பாடசாலை ஆசிரியருக்கான 'பெயர்புட்' என்னும் திட்டம் 2014இல் அரசாங்கப் பணத்தோடு தொடங்கி, பின்னர் பி.ரி. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஆதரவுக்கு மாறியது. 2018இற் கூகிள் நிறுவனமே 7 முதல் 11 வயது வரையிலானோருக்கான நிகழ்நிலைப் பாதுகாப்புப் பாடத்தை வழங்கத் தொடங்கியது. அரசாங்கம் கணனிக் கல்விக்கென அறிவித்த 8 கோடி 40 இலட்சம் பவுணில் முதன்மை இலக்காகக் கூறப்பட்டது 8,000 கணனி விஞ்ஞான ஆசிரியரைப் பயிற்றுவிப்பதாகும். இது இரண்டாம் நிலைப் பாடசாலையை நோக்கியது. நிறுவனங்கள் தந்த பாடங்களில் உள்ளவை பிழையென நாம் கூறவில்லை. அவற்றில் இல்லாதவை எவை என்பதே எமது வினா.

சட்டத்தின் கட்டமைப்பும் இப்பிரிவை ஆழப்படுத்திற்று. தேசிய கலைத்திட்டம் உள்ளூராட்சி மன்றங்களின் கீழுள்ள பாடசாலைகளையே கட்டுப்படுத்தியது. 2010க்குப் பின் பெருகிய 'அக்கடமி' பாடசாலைகள் அதிலிருந்து விலக்குப் பெற்றன. சிறுவர் பாதுகாப்பு வழிகாட்டல்களோ எல்லாப் பாடசாலைகளுக்கும் பொருந்துவன. பரிசோதகர் வந்து பார்ப்பதும் அவற்றை முதலாகக் கொண்டே. 2020 செப்டெம்பர் முதற் கட்டாயமாக்கப்பட்ட உறவுமுறைக் கல்வியும் இணையத்து உறவுகளை உள்ளடக்கியவாறு எல்லா ஆரம்பப் பாடசாலைகளுக்கும் உரியதாயிற்று. இவ்வாறு, செய்நிரலாக்கம் கற்பிப்பதைச் சில பாடசாலைகள் தவிர்க்கலாம். எச்சரிக்கை செய்வதை எவரும் தவிர்க்க முடியாது.

இவற்றின் விளைவை வகுப்பறையிற் காணலாம். ஆறு வயதுப் பிள்ளை தேனீயின் வடிவிலமைந்த 'பீ-பொட்' என்னும் சிறு பொறியின் முதுகிலுள்ள பொத்தான்களை அழுத்தி அதனைத் தரைப்பாயில் ஓட்டுகின்றது. பழைய ஆமையின் வாரிசு அது. ஒன்பது வயதுப் பிள்ளை, மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் 2007இல் வெளியிட்ட 'ஸ்கிராச்' மொழியிற் கட்டளைகளைத் துண்டுகளாகப் பொருத்தி விளையாட்டொன்றை ஆக்குகின்றது. பொறி எதையும் தானாகச் செய்வதில்லை, எவரோ எழுதியதையே செய்கின்றது என்பதை அப்பிள்ளை இப்பாடத்திற் கற்கின்றது. வேறொரு நாளில், பெரும்பாலும் காலைக் கூட்டத்தில், அதே பிள்ளைக்குப் பாதுகாப்புப் பாடம் நடைபெறுகின்றது. அங்கே இணையம் எவராலும் எழுதப்படாத ஒன்றுபோல, காட்டையும் கடலையும் போல, இயற்கையாகவே ஆபத்து நிறைந்த இடமாகத் தோன்றுகின்றது. திங்கட்கிழமை கற்ற உண்மை வெள்ளிக்கிழமை பயன்படுவதில்லை.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாகவே தொடங்குகின்றது. ஸ்கிராச் கற்ற பிள்ளைக்கு இது ஒரு மீள்சுற்று என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கும். 'முடிந்ததா? ஆம் எனில் அடுத்ததைத் தொடங்கு.' நிறுத்துவதற்குப் பிள்ளை ஏதேனும் செய்ய வேண்டும். தொடர்வதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இதற்கு எதிரான செய்நிரலையும் அப்பிள்ளையால் எழுத முடியும். அவ்வாறு எழுதிய பிள்ளை, முதலாவது முறையை ஒருவர் தெரிந்தெடுத்தது ஏன் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. வகுப்பறையில் எழாத இக்கேள்வியை வளர்ந்தோர் சட்டமன்றத்தில் எழுப்பினர். திரைப்பட இயக்குநரும் பிரபுக்கள் சபை உறுப்பினருமான பீபன் கிட்ரனின் முயற்சியால் 2018ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட விதியின் கீழ், சிறுவருக்கேற்ற வடிவமைப்புக் கோவை உருவாகி, 2021 செப்டெம்பர் முதல் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தியது. அதற்குச் சற்று முன்பாக, அவ்வாண்டு ஓகஸ்டில், 18 வயதுக்குக் குறைந்தோருக்குத் தானியங்கித் தொடர்ச்சியை நிறுத்தி வைப்பதாக யூரியூப்பும், இரவில் அறிவித்தல் அனுப்புவதை நிறுத்துவதாக ரிக்ரொக்கும் அறிவித்தன. மாற்ற முடியாத இயற்கைபோலத் தோன்றியது சில மாத வேலையில் மாற்றப்பட்டது.

பாதுகாப்புப் பாடத்தின் வரைவுகளிலே நிறுவனம் எவ்வளவு தாமதமாக இடம்பெற்றது என்பதும் கவனத்துக்குரியது. ஆபத்துக்களை உள்ளடக்கம், தொடர்பு, நடத்தை என மூன்றாக வகுத்த முறையே நீண்ட காலம் நிலவியது. 2021இலேயே பாடசாலைகளுக்கான அரசாங்க வழிகாட்டலில் நான்காவதாக வணிகம் சேர்க்கப்பட்டது. அங்கும் வணிகம் என்பது சூதாட்டம், பொருந்தா விளம்பரம், மோசடி ஆகியவற்றையே குறித்தது. ஒழுங்கான வணிகத்தின் ஒழுங்கான இலாப முறை அதனுள் அடங்கவில்லை. 2018இல் அரசாங்கத்தின் ஆலோசனைச் சபை வெளியிட்ட பாடச் சட்டகம் எட்டுப் பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் ஒன்றின் தலைப்பில் உடைமை என்னும் சொல் வருகின்றது. அது குறிப்பது பிறரின் ஆக்கத்தைப் பிள்ளை திருடாதிருக்க வேண்டும் என்பதை!

ஏழு வயதுப் பிள்ளைக்கு உடைமையும் இலாபமும் விளங்குமா என்ற ஆட்சேபம் இங்கே எழக்கூடும். கடைக்காரர் இனிப்பைக் கண்ணிற்படும் இடத்தில் ஏன் வைக்கின்றார் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். பால் எங்கிருந்து வருகின்றது, யார் கறக்கின்றார், யார் விற்கின்றார் என்பதை ஆரம்பப் பாடசாலை நெடுங்காலமாகக் கற்பித்தே வருகின்றது. கடினமானது கருத்தன்று; அக்கருத்தைக் கற்பிக்கும் பொறுப்பு எந்தப் பாடத்துக்கும் வழங்கப்படாமையே. இதன் விலை சிறியதுமன்று. 2017இல் இறந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி பற்றி 2022 செப்டெம்பரில் வெளியான மரண விசாரணை முடிவு, சமூக ஊடகங்கள் அவளுக்குக் காட்டிய உள்ளடக்கம் அம்மரணத்துக்குப் புறக்கணிக்க முடியாத அளவிற் பங்களித்தது எனக் கூறியது. அவற்றுட் சில அவள் தேடாமலே அல்கொரிதத்தாற் தெரிந்தெடுக்கப்பட்டு அவள் முன் வைக்கப்பட்டவை. அங்கு முகமறியா அந்நியன் எவனும் இருக்கவில்லை.

2023 ஒக்டோபரில் ஐக்கிய இராச்சியத்தின் நிகழ்நிலைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2025 யூலை முதற் சிறுவர் பாதுகாப்புக் கடமைகள் நிறுவனங்கள் மீது சுமத்தப்பட்டன. இலங்கையிலும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஏறக்குறைய அதே பெயரில் வந்ததை எமது வாசகர் அறிவர். அது அரசியற் கருத்து வெளிப்பாட்டை ஒடுக்கும் என்ற அச்சமே இங்கு முதன்மையான விவாதமாயிற்று. பாதுகாப்பு என்னும் சொல் யாரிடமிருந்து யாரைக் காப்பது என்பதை விளம்பாமலே பயணம் செய்யக்கூடியது என்பதற்கு இப்பெயரொற்றுமை ஓர் உதாரணமாகும்.

இங்கிலாந்தில் இப்போது மீண்டும் கலைத்திட்டம் மாறுகின்றது. 2024 டிசெம்பரில் அரசாங்கம் சமர்ப்பித்த சட்டமூலம் 'அக்கடமி' பாடசாலைகளையும் தேசிய கலைத்திட்டத்துக்குள் கொண்டுவர முற்பட்டது. பெக்கி பிரான்சிஸ் தலைமையிலான மீளாய்வுக் குழு 2025 நவம்பரில் வெளியிட்ட இறுதி அறிக்கையைத் தொடர்ந்து, ஆரம்பப் பாடசாலையிற் குடியியற் கல்வியைக் கட்டாயமாக்கவும் ஊடக அறிவை அதனுட் சேர்க்கவும் அரசாங்கம் இணங்கியுள்ளது. புதிய கலைத்திட்டம் 2028 செப்டெம்பரிற் கற்பித்தலுக்கு வரும் என அறிவிக்கப்பட்டிருக்கின்றது. ஊடக அறிவு குடியியலுக்கு, செய்நிரலாக்கம் கணனிப் பாடத்துக்கு, எச்சரிக்கை உறவுமுறைக் கல்விக்கு எனப் பகிரப்படும்போது, இரண்டாயிருந்த பிரிவு மூன்றாகும் வாய்ப்பும் உண்டு. மூன்றையும் கற்பிக்கப் போகின்றவர் ஒரே வகுப்பாசிரியர் என்பது ஆரம்பப் பாடசாலைக்கு மட்டுமே உரிய ஓர் அனுகூலம். அதனைப் பயன்படுத்துவதற்கான பயிற்சியும் நேரமும் அவருக்கு வழங்கப்படுமா என்பதே 2014இல் விடப்பட்ட இடத்திலிருந்து தொடரும் வினா.